ஆறு எம்.எம். காற்று

எங்கள் பக்கத்தில் காற்றை முதலில் வேலைக்கு அமர்த்தியவர்கள் கிணறு வெட்டுகிறவர்கள். மேலே கொஞ்சம் மண், அதற்குக் கீழே சுக்கான், அப்புறம் பாறை. தளவானூரில் எந்தக் கொல்லையில் வெட்டினாலும் வரிசை இதுதான். பாறை முட்டியதும் மண்வெட்டிக்காரர்கள் மேலே ஏறிவிடுவார்கள். கம்ப்ரசர் பூட்டிய டிராக்டர் வரும். தடித்த ரப்பர் ஓஸ் கிணற்றுக்குள் இறங்கும். அதன் நுனியில் ஜாக்ஹாமரைப் பிடித்தபடி, தலைமுதல் கால்வரை கல்தூள் அப்பிய ஆள் ஒருவர் நின்று குழி போடுவார். அந்தக் குழிகளில்தான் பிறகு வெடி வைப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் கிணற்று மேட்டில் போய் நின்றுவிடுவோம். விரட்டுவதற்கென்றே டிராக்டர்காரர் ஒருவர் கம்பு வைத்திருப்பார். வெடிக்குப் பயந்து விரட்டுகிறார் என்று நினைத்திருந்தேன். ஓஸ் இணைப்புக்குத்தான் அவர் பயந்தார் என்பது பின்னால் தெரிந்தது. இரும்பு நிப்பிளில் ஓஸைச் செருகி, மேலே கிளாம்ப் போட்டு, கிளாம்ப்பை நம்பாமல் கட்டுக்கம்பியும் சுற்றியிருப்பார்கள். அது பிடுங்கிக்கொண்டால் ஓஸ் சுழன்று அடிக்கும். ஒரு அங்குல ஓஸில் 7 பார் அழுத்தம் இருந்தால், இணைப்பைப் பிரித்துத் தள்ளும் விசை ஏறக்குறைய 35 கிலோ எடைக்குச் சமம். கணக்கு தெரியாவிட்டாலும் அந்த மனிதருக்கு விஷயம் தெரிந்திருந்தது.

தளவானூர் என்றதும் தென்பெண்ணையில் தடுப்பணை கட்டினார்களே, அந்த ஊரா என்று கேட்பவர்கள் உண்டு. அது வேறு. எங்களுடையது செஞ்சிப் பக்கத்துத் தளவானூர். மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைந்த சத்துருமல்லேசுவராலயம் இருக்கிற ஊர். முகப்பில் மகர தோரணம், இரு பக்கமும் வாயிற்காவலர், தமிழிலும் வடமொழியிலும் கல்வெட்டு. அதே மன்னன் மண்டகப்பட்டில் குடைந்த கோயிலில், செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் இதைச் செய்தேன் என்று பெருமையாகவே எழுதி வைத்திருக்கிறான். படித்தவர்கள் அந்த வரியைச் சொல்லும்போதெல்லாம் எனக்குள் இருக்கும் ஃபிட்டர் ஒரு கேள்வி கேட்பான்: கோயிலில் உலோகம் இல்லை, சரி, உளி எதில் செய்தது? உளியைத் தினமும் தட்டித் தீட்டிக் கொடுத்த கொல்லனைப் பற்றி அங்கே ஒரு எழுத்தும் இல்லை.

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் டிரேடு முடித்து, புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம். அங்கே காற்றின் அளவு சுருங்கிப்போயிருந்தது. கட்டைவிரல் பருமன் சிலிண்டர்கள், அவற்றுக்குப் பென்சிலைவிட ஒல்லியான குழாய்கள். சிலிண்டரைத் தள்ள ஒரு குழாய், இழுக்க ஒரு குழாய், இரண்டுக்கும் காற்றை மாற்றி மாற்றி விட ஒரு சோலினாய்டு வால்வு. பழைய இயந்திரங்களில் இணைப்புகள் எல்லாம் நட்டும் ஃபெரூலும்தான். குழாயில் நட்டை மாட்டு, பித்தளை வளையமான ஃபெரூலை மாட்டு, உட்கார வை, நட்டை முடுக்கு. முடுக்கும்போது ஃபெரூல் குழாயை நசுக்கிப் பிடித்துக்கொள்ளும். கூடுதலாக முடுக்கினால் குழாய் இடுங்கும். குறைத்தால் காற்று கசியும். எவ்வளவு என்பது மணிக்கட்டுக்குத்தான் தெரியும். எங்கள் ஃபோர்மேன் ஸ்பேனரைக் கையில் வாங்கிக் கால் சுற்று திருப்பினால் கசிவு நிற்கும். நாங்கள் அரை நாள் திருப்பினாலும் நிற்காது. அந்தக் கால் சுற்றுக்காகவே அவருக்குச் சம்பளம் என்று பேசிக்கொள்வோம்.

ஒருநாள் கோயம்புத்தூரிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி வந்தது. நியூமேட்டிக் சாமான்களுக்கு ஜனாட்டிக்ஸ், கம்ப்ரசருக்கு எல்ஜி என்று தமிழ்நாட்டுப் பட்டறைகள் பாதி கோவையை நம்பி ஓடுகின்றன. பெட்டிக்குள் சின்னப் பாலித்தீன் பைகளில், நிக்கல் பூசிய பித்தளைத் துண்டுகள். நேர் இணைப்பு, எல்போ, டீ, ஒய். ஒரு பக்கம் மரை, மறு பக்கம் வெறும் துளை. துளையின் வாயில் லேசாக உள்ளே போய்வரும் ஒரு வளையம். ஸ்பேனருக்கு அங்கே வேலை இல்லை. குழாயை வெட்டு, துளையில் தள்ளு, முடிந்தது. பிரிக்க வேண்டுமா, வளையத்தை விரலால் அமுக்கிக்கொண்டு குழாயை உருவு. 'புஷ் ஃபிட்டிங்' என்றோம். சிலர் 'ஒன் டச்' என்றார்கள். ஃபோர்மேன் ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தள்னா போதுமாம். அப்பறம் இன்னாத்துக்குடா நாமெல்லாம்?" என்றார். அவர் குரலில் இருந்தது வேடிக்கை மட்டும் இல்லை.

அந்தச் சின்னத் துண்டை எப்போது கையில் எடுத்தாலும் எனக்கு அதை அறுத்துப் பார்க்கத் தோன்றும். வேலை ஓய்ந்த ஒரு மாலையில் ஹாக்சா கொண்டு நெடுக அறுத்தும் பார்த்தேன். உள்ளே இருப்பது கொஞ்சம்தான். முதலில் அமுக்கு வளையம். அதற்குப் பின்னால் காலெட். அதன் பற்கள் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். இன்னும் உள்ளே ஒரு ரப்பர் ஓ-ரிங். கடைசியில் குழாய் முட்டி நிற்க ஒரு படி. குழாய் உள்ளே போகும்போது பற்கள் வழிவிடும். வெளியே இழுத்தால், சுருக்குக் கயிறு மாட்டின் கழுத்தில் இறுகுகிற மாதிரி, இழுப்பே பிடியாக மாறும். காற்றழுத்தமும் குழாயை வெளியே தள்ளத்தான் பார்க்கிறது. அந்தத் தள்ளல்தான் பற்களை இன்னும் ஆழமாகப் பதிய வைக்கிறது. 6 எம்.எம். குழாயில் 6 பார் காற்று என்றால் அந்தத் தள்ளல் இரண்டு கிலோவுக்கும் குறைவு. கிணற்று மேட்டில் பார்த்த ஓஸை நினைத்துக்கொண்டேன். பிடிப்பதும் அடைப்பதும் இங்கே இரண்டு தனி வேலைகள். பிடிக்கிறது காலெட், அடைக்கிறது ஓ-ரிங். பழைய ஃபெரூல் இரண்டையும் ஒருங்கே செய்யப் பார்த்ததால்தான் அத்தனை முடுக்கு தேவைப்பட்டது. அறுபதுகளின் இறுதியில் பிரான்சில் ரென் நகரத்து லெக்ரி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த யோசனை இது. எங்கள் தொழிற்பேட்டைக்கு வந்துசேர இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. பல்லவன் குகைக்கு மின்விளக்கு வந்த வேகத்தோடு ஒப்பிட்டால் இது பரவாயில்லை.

மரை வேறு கதை. சின்ன வால்வுகளில் எம்-5, அதாவது 5 எம்.எம். விட்டம், 0.8 எம்.எம். பிட்ச். அதற்கு மேல் அரைக்கால் இஞ்ச், கால் இஞ்ச். கால் இஞ்ச் என்று கடையில் கேட்டு வாங்கி வந்தாலும் எல்லாம் ஒன்றாகிவிடாது. பிரிட்டிஷ் மரையில் ஒரு அங்குலத்துக்கு 19 சுற்று, அமெரிக்க மரையில் 18. முதல் இரண்டு சுற்று ஒன்றுக்குள் ஒன்று சமர்த்தாகப் போகும், மூன்றாவதில் கடிக்கும். அதற்கு மேல் டெஃப்லான் டேப்பைச் சுற்றி முரட்டுத்தனமாக முடுக்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். குழாய் அளவிலும் இதே வம்பு. கால் அங்குலக் குழாய் 6.35 எம்.எம்.; 6 எம்.எம். துளையில் ஏறாது. ஆனால் 5/32 அங்குலக் குழாய் 3.97 எம்.எம். என்பதால் 4 எம்.எம். ஃபிட்டிங்கில் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துகொள்ளும். பாரிமுனை லிங்கிச் செட்டித் தெருவில் சரக்கு எடுக்கப் போகும்போது, கேட்டது கிடைக்காத அன்று இந்தத் தகவல் ஒரு பஸ் கட்டணத்தை மிச்சப்படுத்தும்.

அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் ஊருக்குத் திரும்பினேன். செஞ்சியில் ஃபிட்டருக்கு என்ன வேலை இருக்கும் என்று எல்லோரும் கேட்டார்கள். நெல் இருந்தது. அறுவடைக் காலத்தில் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு வெளியே வண்டிகள் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ராஜகிரி அடிவாரத்தில் நிற்கும் பெரிய களஞ்சியத்தைப் பார்த்தாலே, இந்த ஊர் எப்போதிலிருந்து நெல்லைச் சேர்த்து வைத்துப் பிழைக்கிறது என்று தெரியும். நெல் இருக்கும் இடத்தில் ரைஸ் மில் இருக்கும். மில்களில் அப்போதுதான் கலர் சார்ட்டர் நுழைந்துகொண்டிருந்தது.

அரிசி மூட்டையில் 'சார்டெக்ஸ்' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஒரு கம்பெனியின் பெயர். 1947இல் லண்டனில் தொடங்கிய கன்சன்ஸ் சார்டெக்ஸ், பிறகு சுவிட்சர்லாந்தின் பூலர் குழுமத்துக்குப் போனது. நம் ஊரில் எந்த இயந்திரத்தில் பிரித்த அரிசிக்கும் அதே பெயர்தான். இப்போது பெரும்பாலானவை சீனாவின் ஹெஃபெய் நகரத்திலிருந்து வருகின்றன. மூட்டை மட்டும் மாறவில்லை. சாய்வான தகட்டுச் சரிவுகளில் அரிசி ஒற்றை வரிசையாக வழுக்கி விழும். விழும்போது முன்னும் பின்னும் கேமராக்கள் பார்க்கும். கறுப்பு அரிசி, பழுத்த அரிசி, கல், கண்ணாடிச் சில்லு எது வந்தாலும், அது நேர் எதிரே வரும் கணத்தில் ஒரு சின்ன வால்வு திறந்து காற்றை ஊதும். நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம், அவ்வளவுதான். கெட்ட அரிசி பாதை மாறித் தனிச் சாக்குக்குப் போய்விடும். எங்கள் அம்மா முறத்தை வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்கச் செய்ததை அது கண் சிமிட்டும் முன்னே செய்கிறது. இந்த இயந்திரத்தின் வயிற்றைத் திறந்தால் கொத்துக் கொத்தாக 4 எம்.எம்., 6 எம்.எம். குழாய்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் எனக்குப் பழக்கமான பித்தளை.

மில்காரர்களுக்கு மின்சாரம் புரியும்; பெல்ட் புரியும்; பாய்லர் நன்றாகவே புரியும். காற்று புரியாது. கண்ணில் படாத ஒன்றுக்கு மெக்கானிக் எதற்கு என்று நினைப்பார்கள். தள்ளினால் மாட்டிக்கொள்கிற ஃபிட்டிங் வந்த பிறகு அந்த நினைப்பு உறுதியாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் தள்ளலாம். உண்மைதான், தள்ளுவதில் ஒன்றும் இல்லை. ஃபோர்மேனின் கால் சுற்றில் இருந்த கைவேலை காணாமல் போய்விட்டதாகத்தான் நானும் சில காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் வேலை இடம் மாறியிருந்தது. குழாயை வெட்டுவதிலும், காது கொடுத்துக் கேட்பதிலும் போய் அது உட்கார்ந்துகொண்டது.

ஒரு மாசி மாத இரவு. சம்பா அறுவடை மும்முரம். ஒரு மில்லிலிருந்து ஆள் வந்தான். சார்ட்டர் நல்ல அரிசியை எல்லாம் கழித்துத் தள்ளுகிறதாம். போய்ப் பார்த்தால் கழிவுச் சாக்கு முக்கால்வாசி வெள்ளையாக இருந்தது. ஆந்திரா பொன்னி, முத்து மாதிரி அரிசி. ஆபரேட்டர் சாயந்திரத்திலிருந்து திரையைத் தொட்டுத் தொட்டு சென்சிடிவிட்டியைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார். குறைத்தால் கறுப்பும் சேர்ந்து நல்ல பக்கம் போகிறது. கூட்டினால் வெள்ளை கழிவுக்குப் போகிறது. இயந்திரக் கம்பெனிக்குப் போன் போட்டதில், போர்டு போயிருக்கலாம், மறுநாள் ஆள் அனுப்புகிறோம் என்றார்களாம். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து கழிவுச் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் திரைப் பக்கம் போகவில்லை. கேமராவுக்கு முன்னால் ஒரு கண்ணாடி உண்டு. ஆலைத் தூசி அதில் படிந்துகொண்டே இருக்கும் என்பதால், குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை ஒரு வைப்பர் அதன் மேல் போய்வரும். பஸ் கண்ணாடியைத் துடைப்பது மோட்டார். இங்கே துடைப்பது காற்றுச் சிலிண்டர். அந்த நேரம் வரும்போது கேட்க வேண்டிய ஒரு சின்ன 'ஸ்ஸ்-டக்' வரவில்லை. 'ஸ்ஸ்' மட்டும் இருந்தது, 'டக்' இல்லை. மில் சத்தத்தில் அதைக் கேட்பது கஷ்டம். பழகினால் அது மட்டுமே கேட்கும். கதவைத் திறந்து டார்ச் அடித்தேன். கண்ணாடி முழுக்கத் தவிட்டு மஞ்சள். கேமராவுக்கு உலகமே பழுப்பாகத் தெரிந்திருக்கிறது. அது தன் வேலையை ஒழுங்காகவே செய்திருக்கிறது.

வைப்பர் சிலிண்டரின் எம்-5 ஃபிட்டிங்கில் குழாய் நின்றுகொண்டுதான் இருந்தது. தொட்டதும் கையோடு வந்தது. நுனியைப் பார்த்தேன். யாரோ பிளேடால் சாய்வாக வெட்டியிருந்தார்கள். சாய்வெட்டில் ஒரு ஓரம் மட்டும் படியை முட்டும். மறு ஓரம் ஓ-ரிங்கைத் தாண்டியும் தாண்டாமலும் நிற்கும். மாட்டின அன்றைக்குப் பிடிக்கும். சிலிண்டர் போய்வர, குழாய் ஆட, ஒருநாள் விட்டுவிடும். கூரான ஓரம் ஓ-ரிங்கைச் சீவியும் வைத்திருந்தது. ஃபிட்டிங்கை மாற்றினேன். குழாய் நுனியில் பற்கள் கீறிய பகுதி முழுவதும் போகும்படி ஒரு செண்டிமீட்டர் வெட்டி எறிந்தேன். கட்டரால் நேராக வெட்டியதைத் தள்ளினேன். தள்ளும்போது இரண்டு இடத்தில் தடுக்கும். முதலில் ஓ-ரிங்கில் ஒரு மெத்தென்ற தடை; பலர் அதையே முடிவு என்று நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். அதையும் தாண்டித் தள்ளினால் கெட்டியாக ஒரு முட்டல். பிறகு ஒருமுறை பின்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் வித்தை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஓட்டச் சொன்னேன். கழிவுச் சாக்கில் கறுப்பு விழத் தொடங்கியது.

"அவ்ளோதானா?" என்றார் முதலாளி. "அவ்ளோதாங்க மொதலாளி." கூலி கேட்டதும் அவர் முகம் மாறியது. "ஒரு நட்டக் கூடக் கழட்டல. தள்ன. இதுக்கு ஐந்நூறா?" எனக்குக் கோபம் வரவில்லை. ஃபோர்மேன் அந்தப் பெட்டியைப் பார்த்த அன்றைக்கே கேட்டுவிட்ட கேள்விதான் இது. "தள்னதுக்கு ஒண்ணும் வாணாம். கேட்டதுக்குக் குடுங்க" என்றேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, பணத்தை எடுத்து வைத்தார்.

எலி தனி அத்தியாயம். அரிசி ஆலையில் அரிசியைத் தின்னாமல் குழாயைக் கடிக்கிற எலி இருக்கிறது என்றால் நம்புவது கஷ்டம். பாலியூரித்தேன் குழாய்தான் அதற்குப் பிடிக்கும். மெத்தென்று வளைந்து கொடுப்பது, நமக்கு வசதியான அதே குணம். நைலான் குழாயைக் கொஞ்சம் குறைவாகக் கடிக்கும், ஆனால் அது இடுக்கில் வளையாது. எலி கடித்த இடத்தில் முழுக் குழாயையும் மாற்றத் தேவையில்லை. கடிபட்ட துண்டை வெட்டி எடுத்துவிட்டு நடுவில் ஒரு யூனியன் போட்டால் போதும். சில மில்களில் ஒரே குழாயில் நாலைந்து யூனியன் வரிசையாக மின்னும். பழைய குழாயைவிடப் பித்தளை அதிகம்.

பித்தளையைப் பற்றி எனக்கு ஒழுங்காகச் சொன்னவர் செஞ்சியில் லேத் வைத்திருந்த ஒரு பெரியவர். கையில் ஒரு எல்போவைக் கொடுத்ததும் எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்து, "ஜாம்நகர் சரக்கு" என்பார். குஜராத்தின் ஜாம்நகரில் தெருவுக்குத் தெரு பித்தளைப் பட்டறை. இந்த மாதிரிச் சின்ன உருப்படிகளுக்கான கம்பியில் செம்பும் துத்தநாகமும் தவிர நூற்றுக்கு 2 முதல் 3.5 வரை ஈயம் சேர்ப்பார்கள். ஈயம் இருந்தால் லேத்தில் சீவல் நீளச் சுருளாக வராமல் பொடிப்பொடியாக உதிரும். தானியங்கி இயந்திரம் இரவு முழுக்க நிற்காமல் ஓடும். இரும்பென்றால் கம்ப்ரசர் காற்றில் இருக்கும் ஈரத்தில் துருப்பிடித்து, துரு போய் வால்வை அடைக்கும். பிளாஸ்டிக் உடம்பு ஃபிட்டிங் விலை குறைவு. பாய்லர் பக்கத்துச் சூட்டில் வெளிறி, மரை வேரில் முறிந்துவிடும். பெரியவரின் தீர்ப்பு: "சூடு இல்லாத எடத்துல பிளாஸ்டிக் போடு, காசு மிச்சம். மத்த எடத்துல பித்தள."

பித்தளைக்கும் ஒரு எமன் உண்டு என்பதை ஒரு மாட்டுக் கொட்டகை காட்டிக்கொடுத்தது. ஒரு மில்லில் கம்ப்ரசர் அறையும் கொட்டகையும் ஒரே சுவர். அந்த அறையில் போட்ட உள்மரை டீ, பூச்சு இல்லாத சரக்கு, மழைக்காலம் தாண்டுவதற்குள் நெடுக வெடித்துவிடும். யாரோ அடித்து உடைக்கிறார்கள் என்று வேலையாள் மேல் சந்தேகம் வந்து, ஒருவனை நிறுத்தியும் விட்டார்கள். புதுச்சேரியில் உலோகவியல் படித்த ஒருவரிடம் உடைந்த துண்டைக் காட்டினேன். மாட்டு மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியா என்றார். பித்தளை இழுவிசையில் இருக்கும்போது ஈரமும் அம்மோனியாவும் சேர்ந்தால் வெடிப்பு ஓடும். கூம்பு மரையை அளவுக்கு மேல் முடுக்கினால் உள்மரை உடம்பு எந்நேரமும் இழுபட்டுக்கொண்டுதான் இருக்கும். வெள்ளைக்காரப் பட்டாளம் இந்தியாவில் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்ததாம். மழை முடிந்து எடுத்தால் பித்தளைக் கூடுகள் வெடித்திருந்தனவாம். காரணம் குதிரை மூத்திரத்தின் அம்மோனியா என்று 1921இல்தான் விளக்கினார்கள். இதை நான் மில்லில் சொன்னபோது முதலாளி கொட்டகையை மாற்றவில்லை. நிக்கல் பூசியது வாங்கினார், முடுக்கைக் குறைத்தோம். நிறுத்தப்பட்டவனைத் திரும்பக் கூப்பிட்டார்களா என்று கேட்டேன். அவன் திருப்பூர் போய்விட்டிருந்தான்.

கசிவுக் கணக்கு சொல்லி யாரையும் அசைப்பது இதைவிடக் கஷ்டம். கம்ப்ரசர் இழுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஏழில் ஒரு பங்குதான் கடைசியில் பயனுள்ள வேலையாக வந்துசேர்கிறது. மீதி பெரும்பாலும் வெப்பம். அந்தப் பங்கிலும் ஓட்டை என்றால்? 6 பாரில் 3 எம்.எம். ஓட்டை ஒன்று நிமிடத்துக்கு 20 கன அடிக்கு மேல் காற்றைக் குடிக்கும். அதை உண்டாக்க ஏறத்தாழ 4 கிலோவாட். சீசனில் நாளுக்கு 20 மணி நேரம் ஓட்டினால் 80 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் தினம் 640 ரூபாய். எலிக்கடிகளையும் சாய்வெட்டுகளையும் சேர்த்தால் ஒரு மில்லில் இந்த ஓட்டை எளிதாக இருக்கும். தண்ணீர்க் குழாய் சொட்டினால் ஓடிப்போய் மூடுகிற மனிதர், காற்று ஊதினால் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பார். காற்று சும்மா கிடைப்பதுதானே!

அதனால் நான் கணக்கு சொல்வதை விட்டுவிட்டுக் காட்ட ஆரம்பித்தேன். சாப்பாட்டு நேரத்தில் எல்லா இயந்திரத்தையும் நிறுத்தச் சொல்லிவிட்டுக் கம்ப்ரசரை மட்டும் ஓட விடுவேன். எதுவும் காற்றைக் கேட்கவில்லை; ஆனாலும் கம்ப்ரசர் லோடு எடுக்கும், விடும், மறுபடி எடுக்கும். லோடில் ஒரு நிமிடம், ஓய்வில் மூன்று நிமிடம் என்றால், நாலில் ஒரு பங்கு காற்று ஓட்டைக்கே போகிறது. "இப்ப யாருக்கு ஓடுது மொதலாளி?" என்று கேட்டால் போதும். பிறகு ஒரு ரூபாய் ஷாம்பூ பாக்கெட்டைத் தண்ணீரில் கரைத்து ஒவ்வொரு ஃபிட்டிங்காகத் தடவிக்கொண்டு போவேன். நுரை கிளம்பும் இடத்தில் சாக்பீஸ் குறி. அந்தக் குறிகளைப் பார்த்து ஒரு மில்லில் முதலாளியின் மகளுக்கு, கல்லூரியில் படிக்கிற பெண், ஆர்வம் வந்து, அவளே மீதியைத் தடவி முடித்தாள். அந்த மில்லில் மட்டும் இன்றுவரை மாதம் ஒருமுறை சாப்பாட்டு நேரத்தில் சாக்பீஸ் வருகிறது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியக் கோட்டைகளோடு செஞ்சியையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பிறகு, உறவுக்காரர்கள் வந்தால் கோட்டைக்கு அழைத்துப்போவது கட்டாயமாகிவிட்டது. எல்லோரும் கல்யாண மகாலின் மாடிகளைப் பார்ப்பார்கள். நான் சுடுமண் குழாய்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவேன். வெளியே இருந்த நீர்நிலையிலிருந்து மண்குழாய் வழியாக மேல் தளத்துக்குத் தண்ணீர் ஏறியிருக்கிறது. ஒரு குழாயின் வாய்க்குள் அடுத்ததன் நுனியைச் சொருகித்தான் அந்தக் காலத்துச் சுடுமண் குழாய்களைக் கோத்தார்கள். அங்கேயும் தள்ளினால் போதும் என்று யாரோ ஒருவர் கூலியைக் குறைத்திருப்பார் என்று நான் சொன்னால், உறவுக்காரர்கள் ஐஸ் விற்பவரைத் தேடிப் போய்விடுவார்கள்.

இப்போது மில்களில் மூட்டை போடும் இடத்திலும் இந்தச் சமாச்சாரம்தான். சாக்கைக் கவ்விப் பிடிக்க ஒரு ஜோடி சிலிண்டர், அரிசியைத் திறந்துவிட ஒன்று, கடைசிக் கொஞ்சத்தைச் சொட்டுச் சொட்டாக விட இன்னொன்று. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பேக்கிங் அரிசிக்கு ஜி.எஸ்.டி. வந்ததும் ஊரெங்கும் ஒரே வாரத்தில் 26 கிலோ மூட்டை பிறந்தது. கனம் கூடியதால் கவ்வி நழுவுகிறது, அழுத்தத்தைக் கூட்டுங்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். போன இடங்களில் பாதியில் பார்த்தது அழுத்தக் குறைவு இல்லை. மூட்டை போடுகிற பெண்கள் கையிலிருந்த அரிவாள்மணைத் துண்டால் வெட்டி மாட்டிய குழாய்.

எனவே போகிற மில்லில் எல்லாம் ஒரு டியூப் கட்டரை வாங்கிக் கொடுத்து, கயிறு கட்டி பேக்கிங் மெஷின் காலில் தொங்கவிட்டு வருகிறேன். காய் நறுக்குகிற மாதிரி அழுத்தினால் நேராக வெட்டும் சின்னச் சாதனம். அடுத்த முறை போகும்போது கட்டர் அங்கேயே தொங்கும். பிளேடு மட்டும் மொட்டையாகியிருக்கும். சாக்குத் தைத்த நூலை வெட்ட அதைவிட வசதியானது கிடைக்கவில்லையாம். ஒரு பெண்ணிடம் கேட்டேன். "நூலு வெட்டத்தான குடுத்தீங்கன்னு நெனச்சன் அண்ணே. சூப்பரா வெட்டுது" என்றாள். இப்போது இரண்டு வாங்கிக் கொடுக்கிறேன். சிவப்புக் கயிறு குழாய்க்கு, பச்சைக் கயிறு நூலுக்கு. சிவப்புக் கயிற்றைப் போன வாரம் யாரோ ஆட்டுக்குட்டிக்குக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்; கட்டர் வால்வுப் பெட்டியின் மேல் பத்திரமாக இருந்தது.